கால் நீட்டி உட்காரும் உரிமை

மாலத்தீவுக் கடலில் தண்ணீர்மேல் கால் நட்டுக் கட்டிய குடில். வெள்ளை மணல். சாய்வு நாற்காலியில் கால் நீட்டிப் படுத்திருக்கும் ஒரு ஜோடி. முப்பது வினாடி ரீல்ஸ். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துச் சேரிகளில் கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளைகள் எல்லோரும் இதைப் பார்த்திருக்கிறார்கள். குமாரலிங்கபுரத்திலும் பார்க்கிறார்கள். "ஒரு தடவையாவது இப்படிப் போகணும்" என்று நம் பிள்ளை ஒன்று சொல்லிவிட்டால் இரண்டு பக்கத்திலிருந்தும் பதில் வருகிறது. சாதி இந்துவின் பதில் நமக்குத் தெரிந்ததுதான்: "உங்களுக்கெல்லாம் இது கேக்குதா?" இன்னொரு பதில் நம் தோழர்களிடமிருந்தே வருகிறது: "சுடுகாட்டுப் பாதைக்கே போராடிக்கிட்டு இருக்கோம், இதில் ரிசார்ட் ஒரு கேடா?"

முதல் பதில் ஆணவத்தில் வருகிறது. இரண்டாவது அக்கறையில் வருகிறது. ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் போய் நிற்கின்றன: ஓய்வு என்பது நமக்கு உரியதல்ல. இதை நாம் ஏற்க முடியாது. நிலம், தண்ணீர், கல்வி, கோயில் என்று சாதி நம்மிடமிருந்து பறித்தவற்றைப் பட்டியல் போடும்போது ஒன்றை மறந்துவிடுகிறோம். அது நேரம். நமக்கென்று வைத்துக்கொள்ள, யாருக்கும் கணக்குச் சொல்லாமல் கழிக்க ஒரு நாள். அதையும் நாம் கேட்டாக வேண்டும்.

நம் வானம் பார்த்த பூமியில் வேலையில்லாத நாளுக்குப் பஞ்சமில்லை. கண்மாய் நிறையாத வருடம் வயலில் வேலை கிடையாது. சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கும் வேலையும் மழை பெய்தால் நின்றுபோகும். தீபாவளி முடிந்தால் பட்டாசுப் பட்டறைகள் கொஞ்ச காலம் மூடிக்கிடக்கும். செங்கல் சூளைக்குப் போனவர்கள் சீசன் முடிந்து திரும்பி வந்து அடுத்த முன்பணத்துக்குக் காத்திருப்பார்கள். இதைப் பார்த்துவிட்டுத்தான் "இவங்களுக்கு வருசத்துல பாதி நாள் லீவுதானே" என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

வேலையில்லாத நாள் வேறு, விடுமுறை நாள் வேறு. வேலையில்லாத நாளில் அடுப்பு எரியுமா என்ற கவலை இருக்கிறது. வட்டிக்காரர் வாசலில் நிற்கிறார். விடுமுறை என்பது கூலியோடு வருவது. போய்த் திரும்பி வந்தால் வேலை இருக்கும் என்ற உறுதியோடு வருவது. கூலியில்லாத விடுமுறைக்குப் பெயர் பட்டினி. இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் ஓய்வு ஏன் சமூகநீதிக் கோரிக்கை என்பது புரியும்.

இதை நமக்கு முன்பே சொன்னவர் அண்ணல் அம்பேத்கர். காங்கிரசும் காந்தியும் தீண்டத்தகாதவர்களுக்குச் செய்தது என்ன என்பதைப் பற்றி அவர் 1945இல் எழுதிய நூலில் காந்தியத்தை விமர்சிக்கும் அத்தியாயத்தைப் படித்துப் பாருங்கள். இயந்திரம் வேண்டாம், எளிமையாக வாழுங்கள் என்ற காந்தியின் போதனைக்கு அவர் தரும் பதிலின் மையமே ஓய்வுதான். உடலைக் காப்பாற்றுவதற்கே எல்லா நேரமும் போய்விட்டால் மனிதனுக்கும் விலங்குக்கும் வேறுபாடில்லை; மனம் வளர, பண்பாடு வளர ஓய்வு வேண்டும்; உழைப்பின் சுமையைக் குறைத்து எல்லோருக்கும் அந்த ஓய்வைத் தரக்கூடியது இயந்திரம் என்று வாதிடுகிறார். சிலருக்கு மட்டும் ஓய்வும் மற்றவர்க்கெல்லாம் உழைப்பும் என்று பிரித்து வைத்த சமூகத்தில் பிறந்தவருக்கு ஓய்வின் அரசியல் தெரியாமல் இருக்குமா?

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, ஆலைத் தொழிலாளிக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை தரும் மசோதாவை 1944இல் கொண்டுவந்தார். 1945இல் அது சட்டமானது. வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த வேலை, 1946இல் 48 மணி நேரமாகக் குறைந்தது. அந்த மசோதாவும் அவர் கொண்டுவந்ததே. பிறகு வந்த அரசியல் சட்டத்தின் 43ஆவது பிரிவு, தொழிலாளிக்கு வாழ்வதற்கேற்ற கூலியும் ஓய்வை முழுமையாகத் துய்க்கும் நிலையும் கிடைக்க அரசு முயல வேண்டும் என்கிறது. 15(2)ஆவது பிரிவைப் பாருங்கள். கடை, உணவகம், விடுதி, கேளிக்கை இடம், கிணறு, குளம், படித்துறை, சாலை என்று வரிசையாகச் சொல்லி, சாதியின் பெயரால் இங்கெல்லாம் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. அந்த வரிசையின் கடைசியில் ஆங்கில மூலத்தில் இருக்கும் சொல் 'பப்ளிக் ரிசார்ட்'. மக்கள் கூடும் பொது இடம் என்பது அதன் பொருள். இன்று சுவர் எழுப்பிக் காவலாளி போட்ட இடத்துக்குப் பெயராகிவிட்ட அந்தச் சொல், நம் அரசியல் சட்டத்தில் எல்லோருக்கும் திறந்த இடத்தின் பெயராக இருக்கிறது.

சரி, இன்று தீவுக்குப் போவது யார்? பணக்காரர்கள் மட்டும் என்று நினைக்க வேண்டாம். மத்திய அரசு ஊழியருக்கு எல்.டி.சி. எனப்படும் விடுப்புப் பயணச் சலுகை உண்டு. சொந்த ஊருக்குப் போகும் சலுகைக்குப் பதிலாகக் குடும்பத்தோடு விமானத்தில் அந்தமான் போய்வரவும் அதில் தனித் தளர்வு தரப்பட்டிருக்கிறது. ஆக, தீவில் விடுமுறை என்பதை அரசு ஆடம்பரமாகக் கருதவில்லை. தன் ஊழியருக்கு அது தேவை என்று ஒப்புக்கொண்டு பணமும் தருகிறது. நாம் இதை எதிர்க்கவில்லை, நல்ல சட்டம். இட ஒதுக்கீட்டில் வேலைக்குப் போன நம் அண்ணன்மார், அக்காமார் சிலரும் இப்படித்தான் முதன்முதலாக விமானம் ஏறினார்கள்.

கேள்வி வேறு. அதே அரசு அலுவலகத்தைக் கூட்டித் துடைக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு இந்தச் சலுகை உண்டா? கிடையாது. நிரந்தரப் பணி ஒப்பந்தப் பணியாக மாறும்போது போவது சம்பளம் மட்டுமல்ல. ஈட்டிய விடுப்பு போகிறது, பயணச் சலுகை போகிறது, ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலியும் போகிறது. 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன்பு இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் பணி தனியார்மயமாவதை எதிர்த்துப் பதின்மூன்று நாள் அமர்ந்திருந்தார்களே, அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அதிலும் பெண்கள் ஏராளம். ஓய்வு யாருக்கு, உழைப்பு யாருக்கு என்ற பழைய பிரிவினை புதிய காகிதத்தில் ஒப்பந்தமாக எழுதப்படுகிறது.

கடலுக்கும் நமக்கும் உள்ள உறவையும் கொஞ்சம் யோசிப்போம். எங்கள் பகுதியிலிருந்து தூத்துக்குடிக் கடல் நூறு கிலோமீட்டருக்கும் உள்ளேதான். ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளை 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். பவளப்பாறையும் கடற்பசுவும் உள்ள தீவுகள். மாலத்தீவு ரீல்ஸ் பார்க்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தம் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் தீவுகள் இருப்பது தெரியும்?

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டால் கடலைப் பார்த்திருக்கிறோம் என்பார்கள். ஆடி அமாவாசைக்குச் சேதுக்கரை, மாசிக்கோ வைகாசிக்கோ திருச்செந்தூர், கிறித்தவர்கள் என்றால் வேளாங்கண்ணி. சாவுக்காகப் போயிருப்பார்கள், சாமிக்காகப் போயிருப்பார்கள். சும்மா போய் உட்கார்ந்து அலையைப் பார்த்துவிட்டு வந்ததாக ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நாம் கடலுக்குப் போகவும் ஒரு காரணம் காட்ட வேண்டியிருக்கிறது.

இன்னொரு காரணத்துக்காகவும் நம்மைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் அழுகிய உடல்களை அப்புறப்படுத்தப் பிற ஊர்களின் துப்புரவுத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்கள் யார், எந்தச் சாதி என்பதைச் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பிணம் எடுக்கக் கடற்கரை நமக்குத் திறந்திருக்கிறது. குப்பை அள்ளத் திறந்திருக்கிறது. கால் நீட்டி உட்காரும்போது மட்டும் "இவங்களுக்கெல்லாம் எதுக்கு" என்ற கேள்வி வருகிறது.

நாம் மகிழ்வதைப் பார்க்கவே சாதிக்குப் பொறுக்காது. ஜீன்ஸ், டி-ஷர்ட், கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு தலித் இளைஞர்கள் பெண்களை மயக்குகிறார்கள் என்று 2012இல் பாமக நிறுவனர் ராமதாஸ் பேசியதை நாடே கேட்டது. அந்த ஆண்டு நவம்பர் 7 அன்றுதான் தர்மபுரி நத்தம் காலனி எரிந்தது. 2023இல் குஜராத்தின் பனஸ்கந்தா மாவட்டத்தில் நல்ல உடையும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்ததற்காக ஒரு தலித் இளைஞர் தாக்கப்பட்டதாக வழக்குப் பதிவானது. நம் பிள்ளை கடற்கரையில் நின்று எடுத்த செல்ஃபிக்குக் கீழே வரும் நக்கலும் அந்த அடியும் ஒரே மனநிலையிலிருந்து வருபவை. பொது இடத்தில் செருப்பும் புத்தாடையும் அணிவதையும் சைக்கிளோ மோட்டார் சைக்கிளோ ஓட்டுவதையும் தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் சேர்க்க வேண்டி வந்தது. ஒரு நாடு இப்படியும் ஒரு சட்டம் எழுத வேண்டியிருக்கிறது என்றால் நம் மகிழ்ச்சி எவ்வளவு பெரிய கலகம் என்று பாருங்கள்.

போக்குவரத்தும் இதில் உண்டு. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் தொடங்கியபோது, ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்றார்கள் சாதி இந்துக்கள். கலவரம் வெடித்தது. கடைசியில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயரையும் அரசு எடுத்துவிட்டது. 2021 மே மாதம் வந்த மகளிர் இலவசப் பயணம் நம் பெண்களை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவந்தது உண்மை. ஆனால் அது சாதாரண நகரப் பேருந்துக்கு மட்டும். அந்தப் பேருந்து அருப்புக்கோட்டைச் சந்தை வரை போகும், கடல்வரை போகாது.

கடற்கரைக்காகப் போராடுவது புதிதா? இல்லை. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிலாக்சி என்ற ஊர். அங்கே 26 மைல் நீளக் கடற்கரையில் கறுப்பர்கள் கால் வைக்க முடியாது. 1959இல் கில்பர்ட் மேசன் என்ற கறுப்பின மருத்துவர் சிலரோடு கடலில் இறங்கினார், போலீஸ் விரட்டியது. 1960 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கும் மேற்பட்டோர் இறங்கினார்கள்; வெள்ளைக் கும்பல் தடியும் சங்கிலியும் கொண்டு அடித்தது. 1968இல் கடற்கரை எல்லோருக்கும் பொது என்று நீதிமன்றம் சொல்லும்வரை அவர்கள் விடவில்லை. தென்னாப்பிரிக்காவில் கடற்கரையையும் நிறத்தால் பிரித்த 1953ஆம் ஆண்டுச் சட்டம் 1990இல்தான் நீங்கியது. நம் தமிழர்கள் ஏராளமாக வாழும் டர்பன் நகரக் கடற்கரையிலும் வெள்ளையர்க்கு மட்டும் என்ற பலகை இருந்தது. "சோற்றுக்கே வழியில்லை, கடல் எதற்கு" என்று பிலாக்சி மக்களும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. 1927 மார்ச் 20 அன்று மகத் குளத்தில் அண்ணல் தண்ணீர் அள்ளிக் குடித்தது தாகத்துக்காக மட்டுமா? பொதுவில் உள்ளது நமக்கும் பொது என்று நிறுவத்தானே!

பிரான்சில் 1936இல் தொழிலாளர்கள் ஆலைகளைக் கைப்பற்றி வேலைநிறுத்தம் செய்து ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறையைச் சட்டமாக்கினார்கள். அந்தக் கோடையிலேயே அரசு தொழிலாளர் குடும்பங்களுக்கு ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் தள்ளுபடி தந்தது. வாழ்க்கையில் முதன்முதலாகக் கடலைப் பார்த்த தொழிலாளர்கள் அந்த ஆண்டு ஏராளம். கடற்கரை விடுமுறை அங்கே தொழிலாளிக்கு எட்டியது சங்கத்தின் பலத்தால்.

இனி ரிசார்ட்டுக்கு வருவோம். அந்தத் தீவைப் போற்றிப் பாட நாம் இதை எழுதவில்லை. மாலத்தீவில் முதல் ரிசார்ட் 1972இல் வந்தது. ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட் என்பது அங்கே கொள்கை. உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் விருந்தினர் இல்லம் நடத்த 2009 வாக்கில்தான் வழி பிறந்தது. அதுவரை சுற்றுலாப் பயணி ஒரு பக்கம், மண்ணின் மக்கள் ஒரு பக்கம். கட்டுமானமும் கூலி வேலையும் செய்பவர்களில் வங்கதேசத்திலிருந்து கடன்பட்டு வந்தவர்கள் மிகுதி. தங்குபவர் கண்ணில் படாமல் உழைக்க வேண்டும் என்பதுதான் அந்த ஏற்பாடு.

நமக்கு இது பழகிய ஏற்பாடுதானே தோழர்களே? மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் நம் மக்களை மறித்து நின்ற சுவரில் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று இடித்தார்களே, அதுவும் கண்ணில் படாமல் இருக்கத்தான். அங்கே கடல் செய்யும் வேலையை இங்கே சுவர் செய்தது. ஆகவே, நாம் கேட்பது அந்தச் சுவருக்கு உள்ளே நமக்கும் ஓர் அறை அல்ல. நம்மில் நாலு பேர் கடன் வாங்கி மாலத்தீவு போய்ப் படம் போடுவதால் சாதி அசையாது, இ.எம்.ஐ. மட்டும் ஏறும். போகிறவரைப் பழிக்கவும் வேண்டாம். சம்பாதித்துப் போகும் தங்கை நன்றாகப் போய்வரட்டும். அங்கே படுக்கை விரிப்பவரின் பெயரைக் கேட்டுவிட்டு வரட்டும். இயக்கத்தின் கோரிக்கை அதைவிடப் பெரிது: உழைக்கும் எல்லோருக்கும் கூலியோடு விடுமுறை, எல்லோருக்கும் பொதுவான கடற்கரை.

இது கனவுப் பேச்சு என்று நினைப்பவர்கள் நம் மாவட்டத்து இ.குமாரலிங்கபுரத்தைப் பாருங்கள். பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவுக்காக 1,052 ஏக்கர். ஒரு லட்சம் பேருக்கு வேலை வரும் என்கிறது அரசு. பத்தாயிரம் படுக்கை கொண்ட தொழிலாளர் விடுதியும் திட்டத்தில் இருக்கிறது. வேலை வரட்டும், வரவேற்போம். ஆனால் ஆலையும் விடுதியும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது மேற்குத் தமிழ்நாட்டின் நூற்பாலைகளில் பார்த்ததுதான். சுமங்கலித் திட்டம் என்று பெயர் வைத்து, மூன்று ஆண்டு முடிந்தால் கல்யாணத்துக்கு மொத்தப் பணம் என்று சொல்லி, நம் தென்மாவட்டப் பெண்பிள்ளைகளைக் கூட்டிப்போனார்கள். வெளியே போகத் தடை, வீட்டோடு பேசத் தடை, நீண்ட வேலை நேரம் என்பதை நெதர்லாந்தின் சோமோ உள்ளிட்ட அமைப்புகள் 2011இல் அறிக்கையாகவே வெளியிட்டன. அந்தப் பெண்களில் பெரும்பாலோர் தலித்துகள் என்றும் அது சொன்னது. இடையில் விட்டுவிட்டு வந்தால் மொத்தப் பணமும் போய்விடும் என்ற பயத்தில் காய்ச்சலோடு வேலை பார்த்தவர்கள் எத்தனை பேர்!

அதனால் பூங்காவின் வாசல் திறக்கும் முன்பே நாம் விடுமுறையைப் பற்றிப் பேச வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் ஆண்டுக்கு 240 நாள் வேலை செய்தவருக்கு, இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பள விடுப்பு. 240 நாள் ஆகும் முன்பே பெயரை நீக்கி மறுபடி சேர்த்து ஏமாற்றும் வித்தை எல்லோருக்கும் தெரியும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அந்த 240 நாளை 180 ஆக்கியிருக்கிறது. அது நல்லதே. ஆனால் மின்சாரத்தோடு இயங்கும் ஆலையில் பத்துப் பேர் இருந்தால் போதும் என்றிருந்த வரம்பை இருபதாக்கிவிட்டது. மின்சாரம் இல்லாவிட்டால் நாற்பது. சின்னத் தீப்பெட்டிப் பட்டறையும் வீட்டுவேலையாக ஒட்டும் நம் அம்மாக்களும் வெளியே நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு ஒன்பது தேசிய, பண்டிகை விடுமுறை நாள்களுக்குச் சம்பளம் உண்டு. 12 மணி நேர வேலைக்கு வழிசெய்த 2023 ஏப்ரல் மசோதாவைத் தொழிற்சங்கங்கள் பத்தே நாளில் திரும்பப் பெற வைத்தன. கேட்டால் கிடைக்கும், எதிர்த்தால் நிற்கும் என்பதற்கு அது சாட்சி.

நம் கோரிக்கைகள் இவை. பூங்காவின் ஒவ்வொரு ஆலையிலும் பணி நியமனக் கடிதமும் விடுப்புக் கணக்கும் தொழிலாளியின் கையில் இருக்க வேண்டும். விடுதியில் தங்கும் பெண்கள் விடுமுறை நாளில் யார் அனுமதியும் கேட்காமல் வெளியே போய்வர வேண்டும். மத்திய அரசு ஊழியருக்கு உள்ளது போன்ற பயணச் சலுகை ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கும் வேண்டும். ராமேசுவரத்திலும் கன்னியாகுமரியிலும் அரசின் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்தும் ஹோட்டல் தமிழ்நாட்டில் தொழிலாளர் குடும்பங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் அறை ஒதுக்க வேண்டும். ஆதிதிராவிடர் நல விடுதி மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது அரசுச் செலவில் கடலைப் பார்க்க வேண்டும். தனியார் விடுதிகள் வேலி போட்டு மறித்த கடற்கரைப் பாதைகள் மீனவர்க்கும் மக்களுக்கும் திறக்கப்பட வேண்டும்.

இந்தியாவில் முதல் மே நாளைச் சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையில்தான் கொண்டாடினார். எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் உறக்கம், எட்டு மணி நேரம் நமக்கு என்று உலகத் தொழிலாளர்கள் கேட்டதில் முதல் எட்டைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். அந்த மூன்றாவது எட்டைப் பற்றி இனிப் பேசுவோம்.

மாணவத் தோழர்களே, இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் தெருவில் பத்து வீட்டில் இரண்டு கேள்வி கேளுங்கள். கடைசியாகக் கூலியோடு லீவு கிடைத்தது எப்போது? சாவும் சாமியும் இல்லாமல் எங்கேயாவது சும்மா போய்வந்தது எப்போது? வரும் பதில்களைத் தேதியோடு எழுதி வையுங்கள். மாவட்ட ஆட்சியரிடம் திங்கட்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் கொடுக்கும் மனுவுக்கு அதைவிட வலுவான இணைப்பு வேண்டியதில்லை.

ஜெய் பீம்.